பேரை அடித்துவிட்டு வாசிங்க

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேடைப் பேச்சு, வசவு, வழக்கு, கைது என்று ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. அதில் பாதிப் பேர் கடைசி வரியில் ‘பெயர் போட வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் பெயரைப் போட்டுச் சிலர் பெயரை மறைத்தால் நன்றாக இருக்காது, அதனால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.)

திருமங்கலம் வாசகர்: அமைச்சராக இருந்த பொன்முடி பேசியதைக் கிழி கிழியென்று கிழித்தீர்கள். எச்.ராஜா பேசும்போது மட்டும் பேனாவில் மை தீர்ந்துவிடுமோ?

எச்.ராஜாவைப் பற்றி எழுதியிருக்கிறேன், பழைய இதழைப் புரட்டிப் பாருங்கள். பெரியார் சிலை பற்றிய பதிவுக்கும் கனிமொழியைப் பற்றிய பதிவுக்கும் சேர்த்து 2024 டிசம்பரில் அவருக்கு ஆறாறு மாதம் தண்டனை வந்தபோதும் எழுதினேன். ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதி நியாயம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது 2021 தேர்தலில், அப்போது முதல்வராக இருந்த பழனிசாமியின் தாயை இழுத்து ஆ.ராசா பேசியபோது. ‘உவமைதானே சொன்னார்’ என்று மனசுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்துகொண்டு வாதாடினார். அதே உவமையை எதிர்முகாம் சொல்லியிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

அதற்கப்புறம் ஒரு வேலை செய்து பார்த்தேன். அரசரடியில் நாங்கள் நாலைந்து பேர் காலையில் டீ குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. பேப்பரில் வந்த ஒரு மேடைப் பேச்சை, பேசியவர் பெயரையும் கட்சியையும் பேனாவால் அடித்துவிட்டு, சத்தமாக வாசித்தேன். பெஞ்சில் இருந்த பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு, “இவனையெல்லாம் உள்ள வச்சு வெளிய விடவே கூடாதுங்க” என்றார். யார் என்று சொன்னேன். அவருடைய ஆள். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம், “முழுசாப் போட மாட்டானுங்களே, முன்னாடி பின்னாடி வெட்டிருப்பானுங்க” என்றார். டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள், ஆனால் முதலில் உங்களுக்குப் பிடித்த தலைவர் பேச்சை வைத்து.

பேரையூர் வாசகி: நடிகை கஸ்தூரியை ஹைதராபாத் வரை போய்ப் பிடித்தது சரியா? பேசியது தப்புதானே?

பேசியது தப்பு. தெலுங்கு பேசும் மக்களை, அதுவும் தலைமுறை தலைமுறையாக நம் பக்கத்து வீட்டில் இருப்பவர்களை, அந்தப்புரத்தோடு சேர்த்துப் பேசியது மட்டமான பேச்சு. மன்னிப்பும் கேட்டார். 2024 நவம்பர் 14-ஆம் தேதி இங்கே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவருடைய முன்ஜாமீன் தள்ளுபடி ஆனது, இரண்டே நாளில் தனிப்படை ஹைதராபாத்தில் நின்றது. சரி, சட்டம் தன் கடமையைச் செய்தது என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது இதைப் பாருங்கள். 2018-ல் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு கேவலமான பதிவைப் பகிர்ந்தார். அவருக்கும் முன்ஜாமீன் மறுக்கப்பட்டது. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் அவர் கைது ஆகவில்லை, கடைசியில் அவராகவே கோர்ட்டுக்கு வந்து ஜாமீன் வாங்கிக்கொண்டார். தண்டனை வந்தது 2024 பிப்ரவரியில், ஒரு மாதம் சிறை, 15,000 ரூபாய் அபராதம். 2025 ஏப்ரலில் பொன்முடி சைவ, வைணவ நெற்றிக் குறிகளை வைத்து ஆபாசமாக ஒரு ‘நகைச்சுவை’ சொன்னார். கட்சிப் பதவி உடனே போனது, நல்ல விஷயம்தான், அந்த மாதக் கடைசியில் அமைச்சர் பதவியும் போனது. ஆனால் வழக்குப் பதிவு செய்யச் சொல்லி நீதிபதி போலீஸைக் கேட்க வேண்டியிருந்தது, அப்புறம் உயர் நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது. 2018-ல் ஒரு ஆட்சி, 2024-லும் 2025-லும் வேறு ஆட்சி. இதில் எந்தக் கட்சி யோக்கியம் என்று என்னைக் கேட்காதீர்கள். யார் நாற்காலியில் இருக்கிறார்கள், பேசியவர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் போலீஸ் ஜீப்பின் வேகம் மாறுகிறது என்பதுதான் என் புகார்.

என்னைக் கேட்டால் நடிகைக்குச் சிறை தேவையில்லை, அமைச்சர் பதவியில் இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே அளவுகோல்தான். மேடையில் பேசிய நடிகையை நாம் திருப்பித் திட்டலாம், அவர் படத்துக்குப் போகாமல் இருக்கலாம். அமைச்சரிடம் அப்படியா, அவர் கையெழுத்துக்கு நாம் காத்திருக்கிறோம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அமைச்சர் வாயில் வருவதெல்லாம் அரசின் பேச்சு ஆகிவிடாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம், தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறவருக்கு அந்த வித்தியாசத்தை யார் விளக்குவது?

மேலூர் வாசகர்: என்னதான் சுதந்திரம் என்றாலும் அடுத்தவர் மனம் புண்படாமல் பேச வேண்டும் என்றுதானே சட்டம் சொல்கிறது?

சொல்லவில்லை. அரசியல் சட்டம் 19(2)-இல் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன: நாட்டின் ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, நாகரிகம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். ‘மனம் புண்படுதல்’ அதில் இல்லை. மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு இழிவுபடுத்தினால் தனிப் பிரிவு உண்டு, அது வேறு. 1989-ல் இட ஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்ப் படத்துக்குத் தடை வந்தபோது உச்ச நீதிமன்றம் சொன்னது, வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த தீப்பொறி மாதிரி ஆபத்து நேரடியாக இருக்க வேண்டும், ஊர்வலம் போவோம், கலவரம் வரும் என்று யாரோ மிரட்டுவது தடைக்குக் காரணம் ஆகாது என்று. குஷ்பு 2005-ல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்னது ஒரு கருத்து, யாரையும் ஏசவில்லை. அதற்குத் தமிழ்நாடு முழுக்க 20-க்கும் மேற்பட்ட வழக்குகள், விளக்குமாறும் செருப்புமாக ஆர்ப்பாட்டம். 2010-ல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. ஐந்து வருடம் அவர் கோர்ட் கோர்ட்டாக அலைந்ததை யாராலும் ரத்து செய்ய முடியாது.

வாடிப்பட்டி வாசகர்: எங்கள் ஊர் சிறுமலை வழக்கு உங்களுக்கு நினைவிருக்கிறதா? பெரிய ஆட்களைப் பற்றியே எழுதுகிறீர்களே.

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள், வெளியூர் வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் உங்கள் பக்கத்துக்காரர் ஒருவர், வயது 60-க்கு மேல், இடதுசாரி அமைப்பில் இருப்பவர், மகள் மருமகனோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். படங்களை முகநூலில் போட்டு, துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் போய்வந்ததாகக் குறும்பாக ஒரு வரி எழுதினார். மலையில் அவர் கையில் இருந்தது பலாப்பழமா மிளகா என்றுகூட யாரும் பார்க்கவில்லை, வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. அதில் ஒரு பிரிவு, சத்தியமாகச் சொல்கிறேன், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்ப்பது. ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்ட்ரேட் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துப் போட்டிருந்தால் சுற்றுலா போனவர் மத்தியச் சிறையில் கம்பி எண்ணியிருப்பார்.

வழக்கு மதுரைக் கிளைக்கு வந்தது, டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பு வாசிக்கவே சுவாரசியம். வேடிக்கையாகப் பேசும் உரிமையைப் பற்றி எழுதிவிட்டு, எதைப் பார்த்துச் சிரிப்பது என்று கேட்கிறார். ஊருக்கு ஊர் ஒரு புனிதப் பசு இருக்கிறது என்கிறார்: உத்தரப் பிரதேசத்தில் நிஜப் பசு, வங்காளத்தில் தாகூர், மகாராஷ்டிரத்தில் சிவாஜி, கேரளத்தில் மார்க்ஸ், நம் ஊரில் பெரியார். எல்லாச் சாமியையும் கேள்வி கேட்ட மனிதரையே கேள்வி கேட்கக் கூடாத சாமி ஆக்கிவிட்டோம் என்பதை அவர் சொன்ன பிறகுதான் நானும் யோசித்தேன்.

அடுத்த மாதமே அதே நீதிபதியிடம் இன்னொரு வழக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கூட்டத்தில் இந்து மத நம்பிக்கைகளை இழிவாகப் பேசி, நம்ம கள்ளிக்குடி பக்கம் கைதான பாதிரியார் வழக்கு. சில பிரிவுகளைத்தான் நீக்கினார், முக்கியமான பிரிவுகளை விடவில்லை. மேடைக் கலைஞர் கிண்டல் செய்வது வேறு, மதம் பரப்பும் ஒருவர் அடுத்த மதத்தை ஏசுவது வேறு, யார் பேசியது, எங்கே பேசியது என்று பார்க்க வேண்டும் என்றார். இந்த வித்தியாசத்தில் எனக்குப் பாதிதான் சம்மதம். பேசுகிறவர் யார் என்று பார்ப்பதென்றால், முதலில் அவருக்கு இருக்கும் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும், மதத்தை அப்புறம் பார்க்கலாம். அது கிடக்கட்டும். எனக்குத் தெரிந்து முதல் தீர்ப்புக்குக் கைதட்டிய நண்பர்கள் இரண்டாவதைத் திட்டினார்கள், இரண்டாவதுக்கு இனிப்பு கொடுத்தவர் முதலாவதைப் படிக்கவே இல்லை.

அவனியாபுரம் வாசகர்: பேசியவர் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிட வேண்டியதுதானே?

‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்பார்கள். அந்த ‘இருந்தால்’ போகட்டும், விட்டுவிடலாம்.

செல்லூர் வாசகி: இரண்டு ஆண்கள் அரசியல் சண்டை போட்டால் ஏன் எப்போதும் அம்மாவும் மனைவியும் நடுவில் வருகிறார்கள்?

மேலே சொன்ன 2021 விவகாரமே அதுதான். பழனிசாமியைத் தாக்க அவருடைய தாயை இழுத்தார் ஆ.ராசா. தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடை போட்டது. திட்டு வாங்கியது அம்மா, மன்னிப்பு போய்ச் சேர்ந்தது மகனுக்கு. இதில் கட்சி பேதம் கிடையாதம்மா, கூட்டணி மாதிரி ஒற்றுமையாக இருக்கிறார்கள். கூட்டம் எந்த இடத்தில் விசில் அடிக்கிறது என்று பேச்சாளருக்குத் தெரியும். பழங்காநத்தம் கூட்டம் ஒன்றில் நான் கண்ணால் பார்த்தேன், வரி, விலைவாசி, தண்ணீர் எல்லாம் பேசிக்கொண்டிருந்தவரைக் கூட்டம் கண்டுகொள்ளவில்லை, ஆள் வாட்சைப் பார்த்தார், எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பெண் ஒருவர் பெயரை எடுத்தார், அவ்வளவுதான், பின்வரிசை நாற்காலி எல்லாம் முன்னால் வந்துவிட்டது. விசில் அடித்தவர்களில் என் தெருக்காரர் இரண்டு பேர்.

வில்லாபுரம் வாசகர்: மதுரைக்காரன் வாயைத் திறந்தாலே வசவுதான். நாம் எந்த முகத்தோடு தலைவர்களைக் குறை சொல்வது?

விடியற்காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? மல்லிகை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருபவர், வழியில் வண்டியை நிறுத்தியவரைச் சொல்கிற வார்த்தையை இங்கே அச்சிட முடியாது. சொன்னவரும் கேட்டவரும் பத்து நிமிடம் கழித்து ஒரே கடையில் பீடி பற்றவைக்கிறார்கள். அதுவும் பொது இடத்தில் ஆபாச வார்த்தைதான், சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 296(பி). நம்ம ஊர் அடிதடி வழக்கு எதை எடுத்தாலும் முதல் வரியில் அந்த எண் இருக்கும், வக்கீல் குமாஸ்தாக்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அந்த மூட்டைக்காரருக்கு அந்த எண் தெரியும், அனுபவித்திருப்பார். மைக் பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. அவர் கோபத்தில் சொல்கிறார், இவர் எழுதி வைத்துக்கொண்டு சொல்கிறார்.

உசிலம்பட்டி வாசகர்: பத்திரிகைக்காரர்கள் மட்டும் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாமோ?

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், அமைச்சர் யார் என்று கேட்டால், ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் அமைச்சர் என்று பதில். சட்டமன்றம் அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் வெளியே விட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதில் வேடிக்கை, சபைக்குள் எம்.எல்.ஏ. என்ன பேசினாலும் கோர்ட் கேள்வி கேட்க முடியாது, அரசியல் சட்டம் 194-ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. அப்படி ஒரு சுதந்திரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் ஒரு ஜோக்குக்கு ஆளை உள்ளே தள்ளினார்கள்.

சோழவந்தான் வாசகர்: இதையெல்லாம் எழுதினால் உங்களுக்கு வசவு வராதா?

வராமல் என்ன. போன மாதம் வந்த அஞ்சலட்டை ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, என் பாட்டி வரைக்கும் போயிருக்கிறார், ஒற்றுப்பிழை மட்டும் மூன்று. ஆனால் ஒன்று, திட்டியவர் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். பாராட்டி எழுதியவர்கள்தான் பெயர் வேண்டாம் என்கிறார்கள்.