புயல் வராத வருஷத்தில் இவளுக்கு என்ன வேலை?

ஆச்சி, புயல் எத்தனை வரும் என்று கணினியில் கணிக்கும் துறைக்குப் போகலாமா என்று கேட்க, போன வாரம் மகளோடு என்னிடம் வந்துவிட்டுப் படியிறங்கும்போது ஒன்று கேட்டீர்கள்: "புயல் வராத வருஷத்தில் இவளுக்கு என்ன வேலை இருக்கும்?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் சிரித்து அனுப்பிவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. அந்தத் துறைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதே அதில்தான்.

வங்கக் கடலும் அரபிக் கடலும் சேர்ந்து வருஷத்துக்குச் சராசரியாக ஐந்து புயல். ஆனால் 2017-இல் 3, கஜா வந்த 2018-இல் 7, 2019-இல் 8. அந்த எட்டில் ஐந்து அரபிக் கடலில் உருவானவை. அங்கே வழக்கம் ஒன்றுதான். அந்த வருஷம் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் கிடந்தது ஒரு காரணம். எங்கோ பசிபிக்கில் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்பார்கள்; புயல் எண்ணிக்கை கூடிக் குறைவதில் அதற்கும் கை உண்டு. எல் நினோ வந்தால் அட்லாண்டிக்கின் மேல் காற்று உயரத்துக்கு உயரம் வேகமும் திசையும் மாறி, எழும்புகிற புயலின் தலையைச் சாய்த்துவிடும்; அங்கே புயல் குறையும். இப்படிக் கடல் வழியாக முன்கூட்டித் தெரிவது ஒரு பங்கு. மிச்சம் வெறும் தாயக்கட்டை. எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் வேலை.

அதைப் பிரிக்கக் கணினிக்குள் ஒரு பூமியையே ஓட்டுகிறார்கள். காற்றையும் கடலையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இயற்பியல் சமன்பாடுகளைப் போட்டு, நிமிஷக் கணக்கில் நகர்த்திக்கொண்டே போவார்கள். உங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறீர்களே, அதில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே நிறம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் பெரிதாக இருந்தால் பூ தெரியாது. இந்தக் கணினிப் பூமிக்குக் காலநிலை மாதிரி என்று பெயர். பழைய மாதிரிகளில் ஒரு கட்டம் 100 கிலோமீட்டர் அகலம். புயலின் கண்ணும் அதைச் சுற்றிய பேய்க்காற்றும் அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால்தான் கட்டத்தைச் சிறிதாக்க இவ்வளவு பாடுபடுகிறார்கள். 2025-இல் நம் நாடு தொடங்கிய பாரத் வானிலை முன்கணிப்பு முறையில் கட்டம் 6 கிலோமீட்டர். அதற்குப் பின்னால் புனேயில் அர்க்கா என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது.

தொடக்க வெப்பநிலையைத் துளி மாற்றி, அதே வருஷத்தை ஐம்பது தடவை ஓட்டுவார்கள். பெரும்பாலான ஓட்டத்தில் புயல் கூடினால் அது கடலின் வேலை. ஐம்பதும் ஐம்பது விதமாகச் சிதறினால் தாயக்கட்டை. முடிந்துபோன வருஷங்களையும் விடைத்தாளை மூடி வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பார்கள். இதில் அமைதியான வருஷமும் சமமான பாடம்: ஏன் வரவில்லை என்று மாதிரி சொல்லாவிட்டால், ஏன் வந்தது என்று அது சொல்வதை எப்படி நம்புவது?

இதற்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்றும் கேட்டீர்கள். வானிலைத் துறை, புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், நொய்டாவில் நடுத்தரக் கால முன்கணிப்பு மையம், ஹைதராபாத்தில் கடல் தகவல் மையம். அரசு இடங்கள் குறைவு, போட்டி அதிகம்; ஒளித்துச் சொல்ல விரும்பவில்லை. தனியாரில் காப்பீடு பெரிய வாசல். 1964-இல் தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயல் நூறு வருஷத்தில் எத்தனை தடவை வரும் என்று தெரியாமல் பிரீமியம் எப்படிப் போடுவது? உலகம் முழுக்கச் செயற்கைக்கோளை வைத்து ஒழுங்காக எண்ணுவதே 1970-களுக்குப் பிறகுதான். எனவே மாதிரியில் ஆயிரக்கணக்கான வருஷங்களை ஓட்டிப் பார்க்கும் ஆள் அவர்களுக்கு வேண்டும். காற்றாலைக்காரர்களுக்கும் இந்தப் படிப்பு வேண்டும்.

இப்போது படிப்பு. "காலநிலை மாற்றம்" என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்பில் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பையனை அப்படியொரு தனியார் கல்லூரிக்கு நானே அனுப்பினேன். மூன்று வருஷமும் சுவரொட்டிப் போட்டியும் மரக்கன்று நடுவதும்தான்; காற்றும் கடலும் எப்படி மாறும் என்று சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடு கண்ணில் படவேயில்லை. முதுநிலை நுழைவுத் தேர்வில் தடுமாறினான். தப்பு என்னுடையது. முதலில் இயற்பியல் அல்லது கணிதம், கூடவே கோடிங். காற்றும் கடலும் அப்புறம்.

முதல் முயற்சி ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு. திருப்பதி, திருவனந்தபுரம் இரண்டுமே போய்வரக்கூடிய தூரம். கிடைக்காவிட்டால் உலகம் முடியாது: காரைக்குடியிலேயே அழகப்பா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, இயற்பியல் படிக்கட்டும். அதன்பின் கொச்சியில் குசாட் எனும் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலோ வானிலையியல் முதுநிலை. கடல் பக்கம் மனம் போனால், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளில் சேர எழுதும் கேட் தேர்வில் வளிமண்டல, கடல் அறிவியலுக்குத் தனிப் பிரிவு உண்டு.

முனைவர் பட்டம் என்றால் சுமார் ஐந்து வருஷம். தேசிய அளவிலான ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அந்த வருஷங்களில் வீட்டில் மாப்பிள்ளை பேச்சும் வரும். அதை இப்போதே அப்பச்சியோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பேச்சில் நான் தலையிடமாட்டேன்.

சரி, இவளுக்கு இது ஒத்துவருமா? கஜாவில் கரண்ட் இல்லாத ராத்திரிகளைப் பற்றி அழகாகப் பேசினாள். ஆனால் புயல் பிடிப்பது வேறு, புயல் கணக்கு பிடிப்பது வேறு. இந்திய வானிலைத் துறையின் மின் அட்லஸில் 1891 முதல் புயல்களின் தடம் இருக்கிறது. வங்கக் கடல் புயல்களை வருஷவாரியாக எண்ணி, பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். எல் நினோ வருஷங்களைச் சிவப்பில் குறிக்கட்டும். நீங்கள் உதவ வேண்டாம், அண்ணனும் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வரும்போது மார்க் ஷீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்தப் படத்தைக் கொண்டுவாருங்கள். பாதியில் நின்றிருந்தாலும் பரவாயில்லை, எங்கே நின்றாள் என்று பார்க்கிறேன்.