முன்பள்ளியும் போனும்: ரீச்சரைக் கேளுங்கோ

மானிப்பாயிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு மூண்டரை வயசு. யூரியூப் பாத்தே ஆனா ஆவன்னா முழுக்கச் சொல்லுறான். இனி முன்பள்ளியில என்னத்தைப் படிப்பிப்பியள் ரீச்சர்?

சொல்லுவான், சரி. 'ஆனாவில தொடங்கிற சாமான் ஒண்டு குசினிக்குள்ள இருந்து எடுத்துக்கொண்டு வா' எண்டு கேட்டுப் பாருங்கோ. அகப்பையோட வந்தா நான் தோத்தன்.

2003இல அமெரிக்காவில பற்றீசியா குல் எண்ட ஆய்வாளரும் கூட்டாளியளும் ஒன்பது மாதக் குழந்தையளுக்கு மண்டரின் சீனம் கேக்கப் பண்ணிச்சினம். ஆள் நேரில இருந்து கதைச்சு விளையாடின குழந்தையள் அந்த மொழியின்ர ஒலியளைப் பிரிச்சறிஞ்சுதுகள். வீடியோவில பாத்ததுகளுக்கு ஒண்டும் ஏறேல்லை. நேரில இருக்கிற ஆள் குழந்தை பாக்கிற பக்கம் தானும் பாக்கும், வீடியோ பாக்குமோ?

எழுத்துக் காட்டுறது முந்தி எங்கட வேலை. அதைப் போன் செய்யட்டும், எனக்குக் கவலையில்லை. பிள்ளை மணலுக்குள்ள எதில மினக்கெடுது எண்டு பாத்து, அதில இருந்து கதையைத் தொடக்கிறதுதான் இப்ப எங்கட வேலை.

பருத்தித்துறையிலிருந்து ஒரு ஐயா: பேத்தி கனடாவில, ரெண்டரை வயசு. வீடியோ கோலில கதைக்கிறதும் கூடாதோ?

தாராளமாக் கதையுங்கோ ஐயா. எதிர்ப்பக்கம் ஆள் உடனுக்குடன் பதில் சொன்னா அந்த வயசுப் பிள்ளையள் புதுச்சொல் பழகுதுகள். குரும்பட்டித் தேர் ஒண்டு செய்து காட்டுங்கோ, அவ சொல்லுமட்டும் பொறுங்கோ. 'சாப்பிட்டியோ' எண்டு மட்டும் கேட்டா ஆர்தான் நிப்பினம்?

சாவகச்சேரியிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை: பெற்றோர் வட்ஸ்அப் குறூப்பில ஒவ்வொரு நாளும் படம் கேக்கினம்.

கிழமைக்கு ஒருக்காப் போதும் தங்கச்சி. முகத்தை விட்டிட்டுப் பிள்ளை செய்ததை எடுங்கோ: களிமண் உருண்டை, புளியங்கொட்டை வரிசை. குறூப்பில போட்ட முகம் பிறகு ஆரின்ர போனுக்குப் போகுமெண்டு சொல்லேலாது. படத்தைவிடக் குரல் பிரயோசனம். பிள்ளை சொல்லுற கதையைப் பதிஞ்சு வைச்சு, ரெண்டு மாதத்தால திரும்பப் பதிஞ்சு ரெண்டையும் கேளுங்கோ. வசனம் நீண்டிருக்கோ இல்லையோ எண்டு காதாலயே விளங்கும்.

கொக்குவிலிலிருந்து ஒரு அப்பா: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குடுக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்னது: ரெண்டு வயசுக்குக் கீழ வேண்டாம். 2 தொடக்கம் 4 வயசுமட்டும் 1 மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லம். முதல்ல சோறு தீத்தேக்கை போன் குடுக்கிறதை விடுங்கோ. நானும் பேரனுக்கு அப்பிடித்தான் தீத்தினனான். மறக்கப்பண்ண மூண்டு கிழமை சென்றது, அவன் அழுததைவிட நான்தான் கூட அந்தரப்பட்டன்.