உடற்பயிற்சி செய்யும்போது முழு உடம்பையும் உணர்ந்து செய்யச் சொல்கிறார்களே, அதனால் உண்மையில் பலன் உண்டா? ஜிம்மில் கண்ணாடிக்கு முன்னால் நின்று முழங்கால், முதுகு, வயிறு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் செய்கிறேன்.

உண்டு. ஆனால் நீங்கள் கேள்வியில் எழுதியிருக்கிற மாதிரி கண்ணாடிக்கு முன்னால் நின்று முழங்கால் எங்கே, முதுகு நேரா, வயிறு உள்ளேயா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் அது வராது. நீங்கள் ஜிம்முக்குப் புதிது, பகல் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்கிறவர், நாரி (கீழ்முதுகு) நோவும் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். "உடம்பைக் கவனி" என்று சொன்ன பயிற்றுநர் எதைக் கவனிப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டார் போல. அதனால்தான் எழுத வந்தேன்.

நான் டாக்டர் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்து, மீசை அரும்புகிற வயதில் எங்கள் ஊர் ஆட்டக்கூத்தான வடமோடிக் கூத்துக்குச் சதங்கை கட்டியவன், இப்போது மட்டக்களப்பு டவுனில் ஓட்டோ ஓடுகிறேன். "கூத்துக்காரனிடம் எதைக் கேட்டாலும் கூத்தைத்தான் சொல்வான்" என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள், எழுதட்டும். உடம்பு முழுக்க விழிப்பாக இருப்பது என்றால் என்ன என்று நான் படித்த இடம் கூத்தாடுகிற வட்டமான மண் களமான வட்டக்களரிதான், வேறு எதையாவது சொன்னால் அது பொய்.

வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும். மேடையில் ஆடுகிறவன் முன்பக்கத்தைக் காப்பாற்றினால் போதும், களரியில் ஆடுகிறவனுடைய முதுகையும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழக்கிய காலத்தில் எங்கள் கூத்து ஆசானான அண்ணாவியார் ஒருநாளும் "முழங்காலை இவ்வளவு மடி" என்று சொன்னதில்லை. "மனே, காலப் பாராத, சதங்கையக் கேள்" என்பார், அவ்வளவுதான். இரண்டு காலும் ஒரே பாரத்தோடு மண்ணில் விழுந்தால் சதங்கை ஒரே சத்தமாக வரும், களைத்துப்போய் ஒரு கால் பிந்தினால் சத்தம் சிதறும். தாளக்கட்டுக்கு 'எட்டு' என்கிற ஆட்டமுறையைப் போட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது மத்தளத்தைக் குனிந்து பார்த்தபடியே யார் கால் பிந்துகிறது என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அப்புறம் உடுப்பு. அரசனுக்கு வேஷம் கட்டுகிறவனுக்குக் கூடையைக் கவிழ்த்த மாதிரி இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் கரப்புடுப்பு. தோளை மட்டும் திருப்பித் திரும்பினால் கரப்பு பிந்தி வந்து தொடையில் அடிக்கும். பாதத்திலிருந்து திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். அந்த ஒரு அடிதான் எனக்குப் பாடம். பாதம், இடுப்பு, தோள், கழுத்து எல்லாம் ஒரே வரிசையில் திரும்புவது எப்படி என்று யாரும் படம் கீறிக் காட்டவில்லை, கரப்பு காட்டிக் கொடுத்தது.

இது வெறும் பழம்பெருமை இல்லை. மகள் உடற்கல்வி படிக்கிறாள், அவள் வாசித்துச் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். கண்ணை மூடினாலும் கை எங்கே கால் எங்கே என்று நமக்குத் தெரிகிறதே, அதற்கு 1906-இல் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். தசைக்குள்ளே அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் உணர்விகள் உண்டு, தசைநாரில் இழுவையைச் சொல்பவை உண்டு, உட்காது சமநிலையைச் சொல்கிறது. இயன் வாட்டர்மன் என்ற பிரிட்டிஷ்காரருக்கு 1971-இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு முழுக்கப் போய்விட்டது. தசையில் பலம் இருந்தது, ஆனால் எழும்பி நிற்க முடியவில்லை. பிறகு ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கப் பழகினார், விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவாராம். நமக்கு அந்த உணர்வு நன்றாக இருக்கும்போதே கண்ணாடியை நம்பி நடக்க என்ன தேவை?

கவனம் எங்கே போகவேண்டும் என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 1998-இல் கப்ரியேல் வுல்ஃபும் கூட இருந்தவர்களும் பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரத்தில் ஆட்களை ஏற்றி, சிலரைத் தங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள், சிலரைப் பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்கள்தான் நன்றாகப் பழகினார்கள். மகள் இதை வாசித்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது, அண்ணாவியாரின் சதங்கை அதுதானே.

போன கிழமை அவள் விறாந்தையில் போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்துக் குந்தி எழும்பிக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்து, நாடியை நீட்டிக்கொண்டு, கண் முழுக்கப் போனில். "அப்பா, வீடியோல சொன்ன மாதிரித்தான் செய்றன், முழங்கால்தான் நோகுது" என்றாள். "போன அங்கால வை மகள், முத்தத்துக்கு வா" என்று கூட்டிப்போய் மண்ணில் வெறுங்காலோடு நிற்க வைத்தேன். குதிக்கால், பெருவிரல் அடி, சின்னவிரல் அடி மூன்றும் மண்ணை ஒரே அளவு அமத்தட்டும், மூச்சை விட்டுக்கொண்டு எழும்பு என்றேன். எழும்பிப் பார்த்தால் மண்ணில் வலது பாதத்தின் உள்பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. அந்தப் பக்க முழங்கால்தான் உள்ளே சரிந்துகொண்டிருந்திருக்கிறது. தடத்தை அழித்துவிட்டு அவளே திரும்பத் திரும்பச் செய்து இரண்டையும் ஒன்றாக்கினாள். எல்லா முழங்கால் நோவும் இப்படித் தீரும் என்று நான் சொல்லவில்லை, வீங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விடிய விடிய ஆடுகிற கூத்தை இப்போது பல நேரம் பிரமுகரை வரவேற்கக் கூப்பிடுகிறார்கள். உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு, எட்டுப் போடக்கூட இடமில்லாமல், "கொஞ்சம் குதியுங்கோ தம்பி" என்பார்கள். வருகிறவர் சுணங்கினால் பெடியன்கள் முழு உடுப்போடு நிற்கவேண்டும், தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. மண்ணில் ஆடப் பழகிய காலுக்குத் தார் என்ன செய்யும் என்று ஏற்பாடு செய்கிற ஒருவரும் யோசிப்பதில்லை. அந்தப் பிள்ளைகளின் கணுக்கால் நோவை நான் பார்த்திருக்கிறேன், கோபமாக வருகிறது.

சரி, உங்கள் விஷயம். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. அரிசி மூட்டை தூக்கும்போது நாரியைப் பற்றி நினைக்காதீர்கள், மூட்டையை உடம்போடு ஒட்ட வைத்து நிலத்தைக் காலால் தள்ளுவதாக நினையுங்கள். படி இறங்கும்போது உங்கள் காலடிச் சத்தத்தைக் கேளுங்கள், ஒரு கால் பொத்தென்று விழுந்தால், மேல்படியில் நின்று உடம்பை மெதுவாக இறக்கவேண்டிய மற்றக் காலுக்குப் பயிற்சி போதாமல் இருக்கலாம். பல் தீட்டும்போது சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள், வயதானவர்கள் விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி உதவும் என்பது நிரூபணமான விஷயம். கல்லடிக் கடற்கரைக்குப் போகிறவர் என்றால் ஈர மணலில் நடந்துவிட்டுத் திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள்.

சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலோடு போகவேண்டாம். அவர்களுக்குப் பாத நரம்பு மரத்துப் போயிருக்கலாம், சிப்பி வெட்டினாலும் சுடுமணல் சுட்டாலும் தெரியாது. செருப்புப் போட்டு நடந்து, வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்கவேண்டும்.