கேள்வி – பதில்: கடற்காற்றில் ஒரு பியானோ

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக 30 பேர் இருக்கக்கூடிய உணவகம் நடத்துகிறோம். சனி இரவுகளில் பியானோவோடு பாட்டு உண்டு. சுருதி சேர்த்து இரண்டு கிழமைக்குள் நடுச்சுரங்கள் பிசகிவிடுகின்றன. பியானோ பழுதா?

பதில்: அநேகமாக இல்லை; கோளாறு அறையில். பியானோவின் பின்புறத்திலுள்ள ஸ்புரூஸ் மர ஒலிப்பலகை, காற்றில் ஈரம் ஏறினால் புடைத்து, கம்பிகளைத் தாங்கும் பாலத்தைத் தள்ளும். கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும். குளிரூட்டி ஓடினால் பலகை சுருங்கும், சுருதி இறங்கும். நடுப்பகுதியில்தான் இது கூடுதலாகத் தெரியும். நாள் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் அறையில் நிகழ்ச்சிக்கு மட்டும் குளிரூட்டியைப் போடுவதுதான் மிகக் கெட்ட பழக்கம்.

ஈரப்பதமானி ஒன்றைப் பியானோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். 80 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையே அலைவதைவிட எந்நேரமும் 60 இல் நிற்பது நல்லது. கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே 25 வாட் அளவிலான சூடாக்கும் தண்டைப் பொருத்துவிக்கலாம். ஈரம் கூடும்போது மட்டும் தானாக இயங்கும் ஆளியோடு வாங்குங்கள். இரவு கடை பூட்டும்போது அதன் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். கடலைப் பார்த்த யன்னலருகிலும் குளிர்காற்று நேரே விழும் இடத்திலும் பியானோ இருக்கக்கூடாது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி சுருதி சேர்க்கும்போதே அறும்.

சுருதி சேர்ப்பவரை சனி பிற்பகல் வரச்சொல்லி, அவர் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, இரவு வைக்கும் அதே குளிரில் அறையை வையுங்கள். அழுத்திய கட்டை எழும்பாவிட்டால் எண்ணெய் விடாதீர்கள். கட்டையின் உள்ளே, ஈரத்தில் பருத்த கம்பளித் துணிதான் பிடிக்கிறது. எண்ணெய் அதை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். மேல்மூடியில் கிளாஸ் வைக்க யாரையும் விடவேண்டாம்.

கேள்வி: நான் ஐந்தரைக் கட்டையில் பாடுபவள். பியானோ வாசிப்பவர் ஐந்துக்கு இறங்கச் சொல்கிறார். இணங்கலாமா? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இங்கே கட்டை என்பது பாடும் சுருதியின் உயரம்: ஐந்தரை என்பது ஜி ஷார்ப், ஐந்து ஜி. விரலுக்கு இலகு என்பதற்காகக் கேட்டால் இணங்காதீர்கள், தொண்டைதான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் சிறிய அறையில், மைக்குக்கு நெருக்கமாக, மெல்லப் பாடும் பாட்டுக்கு அரைக் கட்டை இறக்கம் பல குரல்களுக்குப் பொருந்தும். பாட்டின் ஆகக் கீழ்ச்சுரத்தை ஐந்தில் பாடிப்பாருங்கள். அங்கே சொல் தெளிவாகக் கேட்டால் இறங்கலாம், காற்றாகிப் போனால் ஐந்தரையிலேயே நில்லுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: நீங்கள் கமகம் போடும், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கும் இடங்களில் அவர் மெட்டை அப்படியே வாசிக்காமல், ஸ்வரக்கூட்டை (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களை) மட்டும் பிடித்து நிற்கட்டும். பியானோவில் சுரத்தை வளைக்க முடியாது. உங்கள் வளைவும் பியானோவின் நேர்ச்சுரமும் சேர்ந்தால் நீங்கள் பிசகியதாகவே கேட்கும்.