பவளப்பாறையில் முதுகெலும்பில்லா உயிர்களை எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி இது: "பாளையங்கோட்டையில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். தூத்துக்குடிக்கு வெளியே உள்ள தீவுகளின் பவளப்பாறைகளில் நட்சத்திர மீன், கடல் அட்டை, சங்கு, நண்டு போன்றவற்றைக் கணக்கெடுத்து ஆய்வேடு எழுத ஆசை. எதில் தொடங்குவது? எங்கே தவறு நடக்கும்?"

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் நெல் மகசூலை மதிப்பிட வருகிறவர்கள் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட்டு, அதற்குள் நிற்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். கட்டத்துக்கு வெளியே எவ்வளவு நல்ல கதிர் நின்றாலும் அது கணக்கில் வராது. கடலுக்கடியிலும் வேலை இதுதான். நீங்கள் கொண்டுவரும் பெயர்ப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைவிட, எத்தனை சதுர மீட்டரை, எந்த நேரத்தில், எவ்வளவு நுணுக்கமாகத் தேடினீர்கள் என்பதே அடுத்து வருகிறவருக்குப் பயன்படும். முதுகெலும்பில்லாதவை பெரும்பாலும் ஒளிந்து வாழ்பவை. தேடும் முறை மாறினால் எண்ணிக்கையும் மாறிவிடும்.

கடலில் இறங்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிப்போன விலாங்குச்சல்லி எல்லாம் அதில் அடக்கம். வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் தீவுப் பக்கம் போக முடியாது. கடல் அட்டை, கடினப் பவளம், கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரு சின்னத் துண்டு திசு எடுப்பதற்கும் விண்ணப்பத்தில் தனியாகக் கேட்க வேண்டும். விண்ணப்பம் நகர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே முதல் பருவத்திலேயே போட்டுவிடுங்கள். முதுகலை ஆய்வுக்கு எதையும் எடுக்காமல் எண்ணுவதும் படம் பிடிப்பதும் போதும் என்பது என் கருத்து.

காலம் தேர்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். எண்ணும் எல்லையைக் குறிக்க அளவுநாடா விரித்தால் ஒரு இடத்தில் நிற்காது. வடகிழக்குப் பருவத்தில் தாமிரபரணி பெருகினால் புன்னைக்காயல் முகத்துவாரத்திலிருந்து கலங்கல் தண்ணீர் வரும். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்துக்கு முந்தைய எண்ணிக்கையையும் பிந்தைய எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடக்கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை உங்களுக்கு ஏற்ற காலம். எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எந்த நீவாட்டில் (நீரோட்டத்தில்) தெளியும் என்பதைப் படகோட்டும் அண்ணாச்சியிடமும் சங்கு குளிக்கிறவர்களிடமும் கேளுங்கள். எந்தச் செயலியும் அதைச் சொல்லாது.

இனி நாடா. 50 மீட்டர் கண்ணாடியிழை அளவுநாடா ஒன்று. அதை ஒரே ஆழத்தில், கரைக்கு இணையாக விரிக்க வேண்டும். ஆழம் மாறினால் உயிர்களும் மாறும், பிறகு எதனால் வித்தியாசம் வந்தது என்று பிரிக்கவே முடியாது. நாடாவின் நுனியைச் செத்த பவளக் கல்லிலோ வெற்றுப் பாறையிலோ கட்டுங்கள், உயிருள்ள கிளையில் கட்டினால் அலை இழுக்கும்போது கிளை முறியும். ஐந்தாறு மீட்டருக்கு ஒருமுறை நாடாவைக் கல்லிடுக்கில் செருகி இறுக்குங்கள். தொய்ந்த நாடா அலையில் அரை மீட்டர் இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்தில் உங்கள் எல்லைக்கோடே அழிந்துவிடும்.

நாடாவின் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர். ஒரு மீட்டர் நீளப் பிவிசி குழாயைக் கையில் வைத்துக்கொண்டால் அகலம் பிசகாது. ஐம்பதுக்கு இரண்டு, ஆக 100 சதுர மீட்டர். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, நகரும் உயிர்களை மட்டும் எண்ணுங்கள். உடலில் பாதிக்கு மேல் எல்லைக்குள் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இதை முதலிலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அழகான சங்கு ஒன்று எல்லைக்கு வெளியே கிடந்தாலும் கை தானாக எழுதிவிடும். ரீஃப் செக் என்ற பன்னாட்டுப் பவளப்பாறைக் கணக்கெடுப்பு முறையில் அகலம் 5 மீட்டர், 20 மீட்டர்த் துண்டுகள் நான்கு, இடையிடையே 5 மீட்டர் இடைவெளி. அது பெரிய, கண்ணில் படும் இனங்களுக்கு நல்லது. இரண்டு முறைகளையும் கலக்காதீர்கள்.

எண்ணும் வேகம் முக்கியம். கிளைப்பவளம் அடர்ந்த இடத்தில் ஒரு நாடாவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். பகலிலும் டார்ச் வேண்டும், இடுக்குக்குள் வெளிச்சம் அடிக்காவிட்டால் பாதி தெரியாது. சிங்கி இறாலின் மீசை மட்டுமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மீசையை இணை இணையாக எண்ண வேண்டும். பவளத்தைத் தின்னும் டிரூப்பெல்லா நத்தை பவளக்கிளையின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும், மேலே வெள்ளைத் தழும்பு தெரிந்தால் அடியில் தேடுங்கள். அந்த வெள்ளையைப் பவளம் வெளிறியது என்று எழுதிவிடுவது பொதுவான பிழை. வெளிறிய பவளத்தில் கண்ணாடி போன்ற சதை மிச்சமிருக்கும். நத்தையோ முட்கிரீட நட்சத்திர மீனோ தின்ற இடத்தில் சதையே இருக்காது, வெறும் எலும்புதான்.

கல்லைப் புரட்டிப் பார்ப்பதாக இருந்தால் எல்லா நாடாவிலும் புரட்ட வேண்டும், புரட்டியதை அதே பக்கம் கீழாக, அதே குழியில் வைக்க வேண்டும். கல்லின் அடியில் வாழும் கடற்பஞ்சும் மற்ற ஒட்டுயிர்களும் வெயில் பட்டால் செத்துவிடும். முதல் முறை செய்கிறவர்கள் புரட்டாமலே எண்ணுவது நல்லது.

கடற்பஞ்சு, கூட்டமாக ஒட்டி வாழும் கடற்பீச்சிகள் (அசிடியன்கள்) போன்றவற்றை ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது. அவற்றுக்கு நாடா ஓரமாக இரண்டரை மீட்டருக்கு ஒரு படம், ஆக ஒரு நாடாவுக்கு 20 படம் எடுத்து, எத்தனை சதவீதப் பரப்பை மூடியிருக்கிறது என்று கணினியில் பாருங்கள்.

நேரமும் நிலையாக இருக்கட்டும். வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை இனம் மணலுக்குள் புதையும், நேரத்துக்கு நேரம் வெளியே வரும் எண்ணிக்கை மாறும். ஒரு தீவில் காலை எட்டு மணிக்கும் இன்னொன்றில் பிற்பகலிலும் எண்ணிவிட்டு, முதல் தீவில் அட்டை குறைவு என்று எழுதினால் அது தீவின் கணக்கு ஆகாது, கடிகாரத்தின் கணக்கு.

இன்னொரு சிக்கல், கொத்துக் கொத்தாக வாழும் பழக்கம். நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஒரு பாறையிடுக்கில் அறுபதும் பக்கத்தில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கும். நான்கு நாடாவில் 0, 0, 3, 61 என்று வந்தால் சராசரி 16. ஆனால் 16 என்ற எண் அந்தக் கடலில் எங்குமே இல்லை. ஆகவே ஒரு தளத்துக்கு நான்கு நாடா என்பது குறைந்தபட்சம், எட்டு வைத்தால் நிம்மதி. சராசரியோடு எல்லா எண்களையும் அட்டவணையில் கொடுங்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் கட்டாயம் 0 எழுதுங்கள். காலியாக விட்டால் பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்பது ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறைதான் போக முடிகிற தூரப் பார்களுக்கு ஆர்ம்ஸ் என்ற அடுக்குத் தட்டு முறை உண்டு. ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் சதுரப் பிவிசி தட்டுகள் ஒன்பதை இடைவெளி விட்டு அடுக்கி, அடியில் ஆணியடித்து ஒன்று முதல் மூன்று ஆண்டு விட்டுவிடுவார்கள். இடுக்குவாசிகள் குடியேறிவிடும். எடுக்கும்போது கடலுக்கடியிலேயே நுண்வலை போட்ட பெட்டியால் மூடிவிட வேண்டும். திறந்து தூக்கினால் நண்டும் இறாலும் குதித்து ஓடிவிடும். மேலே வந்ததும் தட்டுகளைக் கழற்றி, கழுவிய நீரை 2 மில்லிமீட்டர், 500 மைக்ரான், 100 மைக்ரான் அளவுச் சல்லடைகளில் வடிப்பார்கள்.

மாதிரி எடுக்க அனுமதி கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. நம் கல்லூரிகளில் எதையும் ஃபார்மலினில் போடும் பழக்கம் இருக்கிறது. கடல் அட்டையை இனம் பிரிப்பதே அதன் தோலுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணத் துகள்களை வைத்துத்தான். அமிலமாகிப்போன ஃபார்மலினில் அவை கரைந்துவிடும், டிஎன்ஏவும் கெடும். 95 சதவீத எத்தனாலில், மாதிரி ஒரு பங்கு என்றால் திரவம் மூன்று பங்காவது ஊற்றுங்கள். உடலில் உள்ள நீர் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்யும், ஆகவே மறுநாள் மாற்றுங்கள். கடல் சாமந்தி, ஓடில்லாக் கடல் நத்தைகளை நேரே போட்டால் சுருங்கி உருவமே தெரியாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு கரைத்து, அதில் பாதிக்குப் பாதி கடல்நீர் கலந்து, அந்தக் கலவையில் மெல்ல மயக்குங்கள். தொட்டாலும் அசையாத பிறகே எத்தனால். அதற்கு முன்பே உயிரோடு படம் எடுத்துவிடுங்கள், நிறம் ஒருநாளில் போய்விடும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மையும் மார்க்கரும் எத்தனாலில் கரைந்து, பெயரில்லாத பாட்டில்தான் மிஞ்சும்.

இந்தத் தீவுகளைச் சுற்றிய பாறைகள் பல இடங்களில் நான்கு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போதுமான இடங்கள் நிறைய. ஸ்கூபா என்றால் பயிற்சிச் சான்றிதழ், துணைக்கு ஒருவர், சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் (அழுத்த அலகு) மிச்சமிருக்கும்போது மேலே வந்துவிடும் ஒழுக்கம், படகில் ஆக்சிஜன், இத்தனையும் வேண்டும்.

ஒரே பருவம்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு தளம், ஒவ்வொன்றிலும் ஆறு நாடா, பத்துப் பன்னிரண்டு இனங்கள் மட்டும் என்று வரையறுங்கள். முதல் இரண்டு நாள் கணக்கே எடுக்க வேண்டாம். நீங்களும் துணையாளும் ஒரே நாடாவைத் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுங்கள். ஒருவர் 12 முள்ளெலியும் மற்றவர் 20-ம் எழுதினால், எந்த இடுக்கில் விட்டுப்போனது என்று ஒன்றாக இறங்கிப் பாருங்கள். இருவர் எண்ணும் நெருங்கி வந்த பிறகு மூன்றாம் நாள், கணக்குக்கான முதல் நாடாவை விரியுங்கள்.