நீண்டகால மன அழுத்தம் உடம்பை ஏன் பாதிக்கிறது? எப்படிச் சமாளிப்பது?

ஆபத்தைச் சமாளிக்க உடல் எடுக்கும் தயார்நிலை, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தணியாமல் தொடர்வதே நீண்டகால மன அழுத்தம்.

நெருக்கடி வந்ததும் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்களை விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், செரிமானம் மந்தமாகும். சிறிது நேரத்துக்கு இது நல்லதுதான். பழைய பைக்குகளைக் குளிரில் கிளப்ப, காற்றைக் குறைத்து பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை இழுப்போம். கிளம்பிய பிறகும் அதைத் தள்ளாமல் ஓட்டினால் பெட்ரோல் வீணாகி பிளக்கில் கரி படியும். அப்படித்தான் இதுவும். ரத்த அழுத்தம் உயரும், நோய் எதிர்ப்புத் திறன் குறையும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும். ஆகவே முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள் என்பேன்.

தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள், விடுமுறையிலும். காபியின் காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியத்துக்குப் பிறகு வேண்டாம். வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் வேக நடை. படபடப்பு வரும்போது மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். 5 நிமிடம் போதும். பலர் வேகமாக, ஆழமாக இழுத்துத் தலைசுற்றலை வரவழைத்துக்கொள்கிறார்கள். இதயத் துடிப்பைத் தணிப்பது நிதானமாக விடும் மூச்சு.

நெஞ்சுவலி வந்தால் ‘டென்ஷன்தான்’ என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை என்றாலும் மருத்துவரைப் பாருங்கள்.

மது அழுத்தத்தைக் குறைக்கும் என்பது தவறு: சீக்கிரம் கண்ணயர வைத்தாலும், பின்னிரவுத் தூக்கத்தை அது கலைத்துவிடும்.