பிளாஸ்டிக்கை எண்ணெயாக்கலாம் என்றால், வீட்டில் தரம் பிரிக்க வேண்டியதில்லையா?

எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகப் போட்டு எண்ணெயாக்கி, அதிலிருந்தே புது பிளாஸ்டிக் செய்யலாமே, அப்புறம் எதற்கு பிரித்துக்கொண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முறைக்குத்தான் பிரிப்பது இன்னும் அவசியம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குப் பழைய இரும்புக் கடை, பிளாஸ்டிக்கும் வந்து குவியும்.

பால் கவர், குடம், வாளி எல்லாம் பெரும்பாலும் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். காற்றுப் புகாத கலனில் 400 முதல் 600 டிகிரி வரை காய்ச்சினால் ஆவியாகி, குளிர்ந்ததும் எண்ணெயாகும். கொஞ்சம் வாயு, அடியில் கரி. அந்த எண்ணெயைச் சுத்தம் செய்து, கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற நாப்தாவோடு சேர்த்து 800 டிகிரி வாக்கில் உடைத்தால் எத்திலீனும் புரொப்பிலீனும் கிடைக்கும், புது பிளாஸ்டிக்குக்கு அதுதான் மூலப்பொருள்.

இதில் தண்ணீர்க் குழாய் செய்கிற பிவிசி கலந்தால் போச்சு. அதன் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். சூட்டில் அமில வாயுவாக வந்து குழாய்களை அரிக்கும், எண்ணெயிலும் தங்கிவிட்டால் எண்ணெயை உடைக்கிற பெரிய ஆலை அதைத் தொடவே தொடாது. தண்ணீர் பாட்டிலின் பெட் வேறு விதம், எடையில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் திட அமிலமாகப் படிந்து குழாயை அடைக்கும். அதை மெத்தனால், கிளைகால் மாதிரி ரசாயனம் சேர்த்து உடைக்க வேண்டும், அதற்குத் தனி ஆலை.

எங்கள் கடையில் ஒரு வாளித் தண்ணீர்தான் சோதனைக்கூடம். பாலித்தீன் மிதக்கும், பெட்டும் பிவிசியும் மூழ்கும். மூழ்கினதில் எது எது என்பதுதான் தலைவலி, வேலை பார்க்கிற அக்கா துண்டை மடக்கிப் பார்ப்பார், மடிப்பில் வெள்ளையாகக் கோடு விழுந்தால் பிவிசி என்று தூக்கிப் போடுவார். சில பாட்டில்களைச் சுற்றியிருக்கிற லேபிளே பிவிசி, அதையும் அவர்தான் கிழித்து எடுக்க வேண்டும்.

இன்னொன்று, வந்த எண்ணெயை பாய்லரில் எரித்துவிட்டால் அது மறுசுழற்சியே இல்லை. பிளாஸ்டிக் கழிவுக்கு அதை விற்கிற நிறுவனங்களே பொறுப்பு என்று 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளும் கழிவை எண்ணெயாக்குவதை, சாலை போடுவதோடு சேர்த்துக் கடைசிக்கட்ட அகற்றல் என்றுதான் வைத்திருக்கின்றன. எண்ணெயாக்கினாலே மறுசுழற்சி என்கிற விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இங்கே வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் கழிவு எடுக்கிற ஹரித கர்ம சேனை அக்காமார் மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, கழுவிக் காயவைத்துத் தரச் சொன்னால் முணுமுணுப்பவர்கள் உண்டு. மீன் குழம்பு ஒட்டிய ஈரக் கவரைக் காயவைக்கிற செலவு பிறகு ஆலையின் தலையில்தான் விழும். உடைந்த பிவிசி குழாய், ஒயர் உறை, ரெக்சின் இதையெல்லாம் மட்டும் அவர்களுக்குக் கொடுக்கிற பையில் போடாதீர்கள். குழாயைக் கடைக்குக் கொண்டுவந்தால் காசாவது கிடைக்கும்.